கவிழ்த்து வைத்த குவளை

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று பதில் வரவேண்டியிருந்தது. அதற்காக மறுகரையில் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள்.

மறுகரை பூமியிலிருந்து பதினொரு ஒளியாண்டு தொலைவில், மங்கிய செந்நிறச் சூரியன் ஒன்றைச் சுற்றும் கோளில் இருக்கிறது. ஒன்பதாயிரம் பேருக்கும் ஒரே காற்றுக்கூடாரம். அங்கே சூரியன் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஆணியடித்ததுபோலத் தொடுவானத்தில் நிற்கும். பூமிக்கு ஒரு சொல் போய்ச் சேரப் பதினொரு ஆண்டு, மறுசொல் வந்து சேர இன்னொரு பதினொரு ஆண்டு. அப்பா கேட்ட சந்தேகத்துக்கு மகள் பதில் வாங்கிக்கொள்வது அந்த ஊரில் சாதாரண விஷயம்.

வரும் சொற்களை வாங்கி வைக்கும் இடத்துக்குச் செய்தி ஏற்பகம் என்று பெயர். அதன் பொறுப்பாளர் மரகதம், ஐம்பத்து மூன்று வயது. மாதம் ஒருமுறை பூமியிலுள்ள பன்னிரு உலக ஒன்றியத்திலிருந்து வரும் விதிகளை அச்செடுத்து உணவுக்கூடச் சுவரில் ஒட்டுவதுதான் அவளுடைய முக்கியமான வேலை. அன்று அவள் மேசைக்கடியில் ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது. அதில் அவரைக்காய்க் குழம்பு. தம்பிக்காக வைத்தது.

சண்டை விதி நானூற்றுப் பதினெட்டில் தொடங்கியது. பன்னிரண்டு உலகங்களிலும் குடிநீர்க் குவளை நூற்றெண்பது மில்லிலிட்டராக இருக்கவேண்டும் என்றது அந்த விதி. மறுகரையின் குவளை இருநூற்றைம்பது. நாம் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று பதினொரு ஒளியாண்டுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவன் சொல்வதா என்று ஒரு பாதி கேட்டது. மருந்து எப்படிச் செய்வது, விதையை எப்படிக் காப்பது என்றெல்லாம் அவர்கள்தானே சொல்லித் தந்தார்கள், மனிதகுலத்தோடு நமக்கிருக்கும் ஒரே கயிறு அதுதானே என்றது மறுபாதி. ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற வாக்கெடுப்பில் விலகல்காரர்கள் நாற்பத்தைந்து வாக்கு வித்தியாசத்தில் வென்றார்கள். ஒப்பந்தப்படி விலகுவதற்கு ஒன்றியத்தின் அனுமதி வேண்டும். மனு போனது.

அந்த விதியை மறுகரையில் ஒருவரும் ஒருநாளும் பின்பற்றியதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நூற்றெண்பது மில்லிக்குக் குவளை வார்க்கும் அச்சு அங்கே கிடையாது.

ஆனால் அதற்குப் பிறகு விலகல்காரர்கள் தண்ணீர் குடித்ததும் குவளையைக் கவிழ்த்து வைத்தார்கள். இணைவுக்காரர்கள் நிமிர்த்தி வைத்தார்கள். உணவுக்கூடத்துக்கு இரண்டு வாசல் வந்தது. பெண் பார்க்க வருபவர்கள் முதலில் அடுக்களையில் குவளை எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள்.

வாக்கெடுப்பு நடந்த அன்று மரகதமும் தம்பி சிற்றம்பலமும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் குவளையைக் கவிழ்த்தான். அவள் கையை நீட்டி அதை நிமிர்த்தினாள். அவன் மறுபடி கவிழ்த்தான், அவள் மறுபடி நிமிர்த்தினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

"பதில் வரட்டும்க்கா. சரின்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, அன்னிக்கு உன்கூட உக்காந்து சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். இருவர் வீட்டுக்கும் நடுவே பதினான்கு கதவுகள். இந்த இருபத்திரண்டு ஆண்டில் அவள் கணவர் காலமானார், அவனுக்கு நெஞ்சில் கருவி பொருத்தினார்கள். இரண்டு தடவையும் ஒருவர் வீட்டில் ஒருவர் நின்றபடியே விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பதில் சரியான நேரத்துக்கு வந்தது. விதிப்படி அதைப் பிரிக்கும்போது இருதரப்பும் இருக்கவேண்டும். விலகல் தரப்புக்கு இப்போது தலைவன் சிற்றம்பலமே. இணைவுத் தரப்புக்கு, ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த பெருந்தேவி. மரகதம் அச்சுத் தாளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"மறுகரை மக்களுக்கு வணக்கம். உங்கள் மனு கிடைத்தது. இதற்குப் பதில் சொல்லவேண்டிய அவை கலைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் உலகமாக விலகிக்கொண்டது. கடைசியாகப் பூமியும் விலகியது. உங்களுக்கு வேறு யாராவது தெரிவித்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் இந்தக் கட்டடத்தின் ஆவணக் காப்பாளர். மாதாமாதம் உங்களுக்கு விதிகளை எழுதி அனுப்புவது மாடியில் உள்ள தானியங்கி. அதை நிறுத்தத் தெரிந்தவர்கள் இப்போது யாருமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. மனுவை முழுவதும் படித்தேன். குவளை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது."

மரகதத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது.

"அப்போ முடிஞ்சுபோச்சு" என்றாள். காலால் தூக்குப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது.

"என்ன முடிஞ்சுது?" என்றான் சிற்றம்பலம். அவன் முகம் வெளிறியிருந்தது. "எத்தனை கூட்டம், எத்தனை பேச்சு. அங்க ஆளே இல்லைன்னு வெளியில போய்ச் சொல்லவா?"

"எங்க ஆளுங்க கிட்ட நான் என்ன சொல்றது?" என்றாள் பெருந்தேவி. "இல்லாத ஒண்ணோட சேர்ந்து இருக்கணும்னு பாதி ஊரோட பேசாம இருந்தோம்னா?"

பிறகு அவளே மெல்ல, வகுப்பெடுப்பதுபோலச் சொன்னாள்: "ஒப்பந்தத்துல பதினேழாம் பிரிவு. ஒரே ஒரு உறுப்பு மிஞ்சினாலும் ஒன்றியம் உண்டு. எல்லாரும் விலகிட்டாங்க. நாம விலகலை. அப்போ ஒன்றியம் எங்கயும் போகலை. இங்கதான் இருக்கு. நாமதான் ஒன்றியம்."

சிற்றம்பலத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்படின்னா எங்க மனு இன்னும் நிலுவையிலதான் இருக்கு."

"இருக்கு."

"அதுல ஒரு எழுத்தை மாத்த மாட்டோம்."

"நீங்க மாத்துங்கன்னு யார் கேட்டா?"

இருபத்திரண்டு ஆண்டில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். மரகதம் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

"நம்மகிட்ட இருந்து நாமே விலக, நாமே நம்மகிட்ட மனு குடுக்கணுமா?" என்றாள்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லக்கா" என்றான் தம்பி.

ஊர்க்கூட்டத்தில் கடிதம் வாசிக்கப்பட்டது. ஒன்றியம் நாமே என்றால் அதன் விதியைக் காக்கும் கடமையும் நமக்கே என்று இணைவுக்காரர்கள் சொன்னார்கள். ஒன்றியம் இத்தனை அருகில் வந்துவிட்டதால் விலகுவது முன்னைவிட அவசரம் என்றார்கள் விலகல்காரர்கள். உணவுக்கூடச் சமையற்காரர் கிட்டப்பா மட்டும் எழுந்து, "இனிமே குவளையைப் படுக்க வச்சுட்டா என்ன?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரை எந்த வாசல் வழியாக வெளியே அனுப்புவது என்பதில் கொஞ்சம் தகராறு ஆயிற்று.

ஒரு மாதத்தில் செய்தி ஏற்பகத்துக்கு எதிர் அறையில் 'பன்னிரு உலக ஒன்றியம், தலைமையகம்' என்று பலகை மாட்டினார்கள். ஒன்றியத்தின் கடிதங்களைத் தொட்டுப் பழகியவர் என்பதால் மரகதத்தையே அதன் சார்பில் பதில் சொல்லும் தூதராக அமர்த்தினார்கள். அவள் மறுக்கவில்லை. அனுமதி தரும் கை தன் கையாக இருந்தால் நல்லதுதான் என்று நினைத்தாள்.

மனு கொடுக்கும் நாளில் ஊரே நடைவழியில் கூடி நின்றது. சிற்றம்பலம் ஏற்பகத்திலிருந்து மனுவை இரண்டு கைகளாலும் ஏந்தி ஒன்பது அடி நடந்து உள்ளே வந்தான். கதவு மூடியது. மரகதம் வாங்கினாள், பேனாவை எடுத்தாள், 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி முத்திரை வைத்து நீட்டினாள்.

"இந்தாடா. விலகியாச்சு. உக்காரு, சாப்பிடு."

அவன் தாளைத் தொடவில்லை. "இப்படி உடனே குடுத்தா எப்படிக்கா? பதில் வர இருபத்திரண்டு வருஷம் ஆகும். அதுதான் முறை."

"அது தூரத்துக்காக ஆன வருஷம்டா. இப்போ தூரம் ஒன்பது அடி."

"ஊரெல்லாம் நிக்குது. நான் உள்ள வந்து ஒரு நிமிஷம் ஆகலை. இதை எடுத்துட்டு வெளிய போனா நாளைக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? நான் என்ன பண்ணுவேன்?" அவன் குரல் தாழ்ந்திருந்தது. தாளை எடுத்து அவள் மேசை இழுப்பறைக்குள் தானே வைத்து மூடினான்.

"எனக்கு அப்போ எழுபத்தஞ்சு ஆகும்" என்றாள் மரகதம். "உன் நெஞ்சுக் கருவி அதுவரைக்கும் ஓடுமா?"

அவன் போகவில்லை. மூக்கு மேசைக்கடியில் இருந்த தூக்குப் பாத்திரத்தைத் தேடியது.

"அவரைக்காயா?"

"உக்காரு."

உட்கார்ந்தான். இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒரே மேசையில் இருவரும் சாப்பிட்டார்கள். உப்பு கூடிப்போச்சு என்றான். உனக்கு நாக்கு போச்சு என்றாள். அம்மா கையால் ஒரே தட்டில் வாங்கித் தின்றதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, புரையேறி, தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையை வைத்தான். கவிழ்த்து வைத்தான். அவனுக்கே அது தெரியவில்லை.

மரகதத்தின் கை நீண்டது. அவளும் அறியாமல்தான் நீண்டது. குவளையை நிமிர்த்தி வைத்தது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவள் அதை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிற்றம்பலம் எழுந்து கை கழுவினான்.

"பதில் வரட்டும்க்கா" என்றான். "அன்னிக்கு வரேன்."

அவன் கதவைத் திறந்ததும் வெளியே முணுமுணுப்பு அடங்கியது. "குடுத்தாச்சு" என்று சொன்னான். "இனி காத்திருக்கணும்." கூட்டம் நிம்மதியாக இரண்டாகப் பிரிந்து இரண்டு வாசல்களை நோக்கி நடந்தது. பதில் வரும் நாளைக் கணக்கிட்டு, அன்று பள்ளிக்கு விடுமுறை என்று அப்போதே அறிவித்தார்கள்.