போயிட்டு வந்தர்றேன்

வேட்டைக்குப் போகிறவன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று நஞ்சப்பனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தொண்ணூற்றெட்டாம் வருஷம், செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில், காட்டோரத்து மண் பார்க்கிங்கில் தன் கொரோலாவை நிறுத்திவிட்டு அவன் இறங்கியதுமே பசுபதி மூக்கைச் சுளித்தான்.

"தேங்காயெண்ணெய்! அடப்பாவி, மானு பென்சில்வேனியாவுக்கே ஓடிருமேடா."

"பழக்கத்துல வெச்சுட்டேன் மாப்ளே."

"சரி விடு. காத்து நம்ம பக்கமாத்தான் அடிக்குது."

இருவரும் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்து ஆட்கள். கோயமுத்தூரில் ஒரே காலேஜ், இப்போது பிளெய்ன்ஸ்பரோவில் ஒரே அபார்ட்மெண்ட் காம்ப்ளெக்ஸ். பசுபதி ஆறடிக்கு மேல், நஞ்சப்பன் ஐந்தேகால். நஞ்சப்பனின் காரை ஓட்ட வாங்கினால் பசுபதி சீட்டைக் கரகரவென்று கடைசிவரை பின்னுக்குத் தள்ளிவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவான். மறுநாள் காலையில் நஞ்சப்பனின் கால் பிரேக்குக்கு எட்டாது. இந்த ஒரு விஷயத்துக்காக இரண்டு பேரும் போட்டுக்கொள்ளாத சண்டை இல்லை.

பசுபதி வகுப்புக்குப் போய் முறையாக வில் வேட்டை லைசென்ஸ் வாங்கியவன். நஞ்சப்பனிடம் அது கிடையாது. அக்டோபர் ஒன்பதாம் தேதி அவனுக்கு நியூவார்க்கில் கிரீன் கார்டு இன்டர்வியூ. ஆறு வருஷமாகக் காத்திருந்து வந்த தேதி. இந்த நேரத்தில் வம்பு எதற்கு என்று அவன் தயங்கத்தான் தயங்கினான். "ஒரு நாள்தானேடா, எவன் வந்து பாக்கப் போறான்?" என்று பசுபதிதான் இழுத்து வந்தான். நஞ்சப்பனும் வருவதை இரண்டு பேர் வீட்டிலும் சொல்லவில்லை. பசுபதியின் பழைய வில், பசுபதியின் அம்புகள், பசுபதியின் பச்சைச் சட்டை. நஞ்சப்பனுடையது என்று இருந்தது அந்தத் தேங்காயெண்ணெய் மட்டும்தான்.

நடக்கும்போதே பசுபதி பாடம் எடுத்தான். "அம்பு பட்டதும் பின்னாலயே ஓடாத. ஓடினா மானு பயத்துல மைல் கணக்கா ஓடிரும். அரை மணி நேரம் சும்மா உக்காரு. தொரத்த ஆள் இல்லைன்னு தெரிஞ்சா, பக்கத்துலயே எங்காச்சும் படுத்துக்கும். அப்பறம் ரத்தத்தப் பாத்துட்டே போனாப் போதும்."

"கழுத்துல என்ன, வெள்ளைத் துண்டு? மானோட வாலும் வெள்ளை, வெள்ளை ஆகாதுன்னு நீதான சொன்ன?"

"ஈரோட்டுத் துண்டுடா. இதில்லாம எனக்கு வேர்வை அடங்காது. மேல ஏறினா சுருட்டிப் பாக்கெட்ல வெச்சுக்குவேன்."

நஞ்சப்பனை ஒரு ஓக் மரத்துப் பரணில் ஏற்றிவிட்டு, அவன் முந்நூறு அடி தள்ளி வேறொரு பரணுக்குப் போனான்.

செப்டம்பர் காட்டில் இலை உதிரவில்லை. பத்தடிக்கு அப்பால் எல்லாம் பச்சைச் சுவர். கொசு காதுக்குள் பாடியது. ஓக் கொட்டைகள் எங்கோ தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன. மூன்று மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. ஆறரைக்கு வெளிச்சம் மங்கியது, மண்ணிலிருந்து ஈர இலை அழுகிய வாடை கிளம்பி மேலே வந்தது.

அப்போது புதர் அசைந்தது.

நஞ்சப்பன் வில்லை இழுத்தான். புதருக்குள் குனிந்த முதுகு ஒன்று, பழுப்பும் பச்சையுமாக. அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று விசிறி அடங்கியது.

விட்டான்.

ஈரத் துணியை அடித்த மாதிரி ஒரு சத்தம். புதர் முறிந்தது. எதுவோ தடதடவென்று ஓடி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். முதல் அம்பிலேயே மான்! கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு முப்பத்தைந்து. ஏழு ஐந்து வரை இறங்கக் கூடாது. பாடம் என்றால் பாடம்தான்.

அந்த அரை மணியில் கீழே ஒரு முனகல் கேட்டது. 'நஞ்...' என்று ஆரம்பித்து அறுந்துபோன ஒரு குரலும் கேட்டது. அடிபட்ட மான் கத்துகிறது என்று நினைத்தான். அது நிஜமாகவே மான் என்று நம்பினானா என்று பிற்பாடு தன்னைத்தானே பல தடவை கேட்டுக்கொண்டான். நம்பவில்லை. ஆனாலும் இறங்கவில்லை.

ஏழு ஐந்துக்கு இறங்கி டார்ச் அடித்தான். இலையில் ஒரு சொட்டு, கல்லில் ஒரு சொட்டு, அப்புறம் கையகலத்துக்கு. தடம் ஒரு பெரிய ஓக் மரத்தடிக்குப் போயிற்று.

பசுபதி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில் அம்பு. வெள்ளைத் துண்டை அதைச் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தான். அது இப்போது வெள்ளையாக இல்லை.

"கூப்டனேடா," என்றான் மெல்ல. "நேரமாச்சு, போலாம்னு உன்னயக் கூப்பிடத்தான் வந்தேன். நீ எறங்கி வருவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

"ஐயோ மாப்ளே! ஐயோ!"

"அழுவாத. எந்திரிக்க முடியல. போய் போன் பண்ணு."

காட்டில் செல்போன் எடுக்காது. பத்து நிமிஷம் கார் ஓட்டினால் கேஸ் ஸ்டேஷன், அங்கே பே போன் உண்டு. நஞ்சப்பன் தன் தண்ணீர் பாட்டிலை அவன் கையில் வைத்தான்.

"இங்கயே இரு. அசையாத. போயிட்டு வந்தர்றேன்."

"சரி, வா," என்றான் பசுபதி.

பே போன் முன்னால் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அக்டோபர் ஒன்பது ஞாபகம் வந்தது. போலீஸ் வரும். லைசென்ஸ் எங்கே என்பான். எய்தது யார் என்பான். கிரீன் கார்டு என்ன, ஜெயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஊருக்குப் பிளேன் ஏற வேண்டியதுதான். மனைவி சண்முகப்ரியா ஆறு வருஷமாக வேலை பார்க்க முடியாமல் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அம்பு, எல்லாம் பாழ். ஆனால் அம்பு யாருடையது? பசுபதியுடையது. வில்? அதுவும் அவனுடையதே. அவன் தன் காரில் தனியாக வந்தான். தன் அம்பின் மேலேயே தான் விழுந்திருக்கலாம். அப்படி எத்தனையோ பேர் விழுகிறார்கள்.

காசைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். துரத்த ஆள் இல்லை என்றால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். பசுபதி சொல்லிக்கொடுத்ததுதானே.

பிறகு வண்டியைக் கிளப்பி வீட்டுக்குப் போனான். நண்பன் என்ன நண்பன்! சனியன் பிடித்த அந்தப் பச்சை அட்டைக்கு முன்னால் எவனும் நண்பனில்லை.

பத்து மணிக்குப் பசுபதியின் மனைவி ஜலஜா போன் செய்தாள். "அண்ணா, அவர் இன்னும் வரலையே. எந்தக் காட்டுக்குப் போறேன்னு உங்க கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"பென்சில்வேனியாப் பக்கம் போறதாச் சொன்னானேம்மா," என்றான் நஞ்சப்பன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. அந்த மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது, காட்டில் ஈ காக்கா இல்லை. போலீஸ் பென்சில்வேனியாவில் தேடியது. திங்கட்கிழமை காலையில் வந்த ஒரு வேட்டைக்காரன் பசுபதியைப் பார்த்தான். பரணில் இருந்து இறங்கும்போது வழுக்கித் தன் அம்பின் மேலேயே விழுந்துவிட்டான் என்று போலீஸ் எழுதி முடித்தது.

காம்ப்ளெக்ஸின் மறுகோடியில் இருந்த பசுபதி வீட்டுக்கு நஞ்சப்பனும் சண்முகப்ரியாவும் காரில் துக்கம் கேட்கப் போனார்கள். ஜலஜா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "டாக்டர் என்ன சொன்னார் தெரியுமாண்ணா? உடனே போகலையாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்காம். கையில தண்ணி பாட்டில் இருந்துதாம், ஒரு சொட்டு மிச்சமில்லாம குடிச்சிருக்கார். யாரையோ எதிர்பார்த்துட்டே இருந்த மாதிரி, பாதையப் பாத்து உக்காந்திருந்தாராம்."

நஞ்சப்பன் எழுந்தான். துக்க வீட்டில் யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள், வாய் திறக்காமல் எழுந்து போவதுதான் வழக்கம். அவனும் பேசாமல் செருப்பை மாட்டினான்.

காதோரம் ஈர இலை வாடை.

"என்ன மாப்ளே, சொல்லாமப் போற?"

திரும்பினான். யாரும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துக்க வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சாகிறவனிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

சண்முகப்ரியாவுக்கு முன்னால் கீழே வந்து கார் கதவைத் திறந்து உட்கார்ந்தான். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீட்டு கடைசிவரை பின்னால் போயிருந்தது.

அதிலிருந்து தினமும் அதே கதை. முன்னால் இழுத்துப் பூட்டிவிட்டுப் போவான், காலையில் பின்னால் இருக்கும். சத்தமில்லை, உருவமில்லை, அடிக்கவில்லை, மிரட்டவில்லை. துரத்தவே இல்லை. அதுதான் நஞ்சப்பனை அரித்தது. சாப்பாடு இறங்கவில்லை, பத்துப் பவுண்டு இளைத்தான். "இன்டர்வியூ டென்ஷன்," என்று சண்முகப்ரியா எல்லோரிடமும் சொன்னாள்.

ஒன்பதாம் தேதி பாஸ்போர்ட்டில் கிரீன் கார்டு முத்திரை விழுந்தது. அவள் அழுதாள், கேசரி கிண்டினாள். அவன் ஒரு வாய் வைத்தான். அது ஈர இலையாக ருசித்தது.

மறுநாள் சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தான். வருகிறேன் என்று சொன்ன சொல்தானே துரத்துகிறது? ஒரு தடவை போய் நின்றுவிட்டால் சொல் தீர்ந்தது, கணக்கும் தீர்ந்தது.

"பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போயிட்டு வந்தர்றேன்," என்றான்.

"சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க," என்றாள் சண்முகப்ரியா.

காட்டில் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. ட்ரங்கில் ஒளித்து வைத்திருந்த வில்லையும் அம்புக்கூட்டையும் எடுத்துக்கொண்டான். அதையும் அங்கேயே போட்டுவிட்டால் தலைமுழுகிய மாதிரி. ஓக் மரத்தடிக்கு வரும்போது வெயில் இறங்கிவிட்டது. வேரில் போலீஸின் மஞ்சள் நாடா ஒரு துண்டு சிக்கியிருந்தது.

"வந்துட்டேன் பசுபதி," என்றான்.

பதில் இல்லை. காற்றும் இல்லை. ஓக் கொட்டை ஒன்று விழுந்து உருண்டது.

அவ்வளவுதானா? அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மூன்று வாரமாகத் தன்னைத் தானே கொன்றுகொண்டோமே, சீ! வில்லையும், முனை மேலாகச் சொருகிய அம்புகளோடு அம்புக்கூட்டையும் வேரோரம் சாய்த்து வைத்தான். மனம் இலேசானது. திரும்பினான். முப்பத்து மூன்று வயது வரை ஊறிய பழக்கம், நாக்கு சும்மா இருக்குமா?

"சரி மாப்ளே, போயிட்டு வந்தர்றேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மரத்தின் மறுபுறம் இலைகள் சரசரத்தன. உட்கார்ந்திருந்த யாரோ கையை ஊன்றி எழுந்திருக்கும் சத்தம்.

ஓடப் பார்த்தான். காலடியில் ஓக் கொட்டைகள் உருண்டன. வழுக்கி, பின்பக்கமாக, வேரோரம் சாய்த்து வைத்த அம்புக்கூட்டின் மேலேயே விழுந்தான். தொடை ஆரம்பிக்கும் இடத்தில் முதலில் சில்லென்றது. பிறகு சூடாக நனைந்தது. எழ முயன்றான். கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"மாப்ளே... மன்னிச்சுரு மாப்ளே..."

தலைக்கு மேலே, ஆறடி உயரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. கோபமே இல்லை. நஞ்சப்பன் அன்றைக்குச் சொன்ன சொல்லையே நிதானமாகச் சொன்னது.

"இங்கயே இரு. அசையாத. போயிட்டு வந்தர்றேன்."

காலடிகள் பாதையில் போயின. அவசரமே இல்லை. நஞ்சப்பன் பாக்கெட்டைத் தடவினான். கார் சாவி இல்லை. வெகு நேரம் கழித்து, தூரத்தில், அவனுடைய கொரோலா கிளம்புகிற சத்தம் கேட்டது. கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அன்றிரவு எட்டரை மணிக்கு சண்முகப்ரியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கார் தன் இடத்தில் வந்து நின்றிருந்தது. ரொம்ப நேரமாகியும் அவன் மேலே வராததால் இறங்கிப் போனாள். இன்ஜின் சூடாக இருந்தது, கதவு பூட்டவில்லை, சாவி ஸ்டியரிங் பக்கத்திலேயே தொங்கிற்று. சீட்டு கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. பக்கத்து சீட்டில் துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு ஒன்று இருந்தது.

கார் வீட்டில் நிற்கும்போது ஆளைக் காட்டில் யார் தேடுவார்கள்? போலீஸ் ஞாயிறு முழுக்கக் காம்ப்ளெக்ஸ் குளத்திலும் பக்கத்துச் சோளக்காட்டிலும் நாய் விட்டுத் தேடியது. திங்கட்கிழமை ஒரு வேட்டைக்காரன் அவனைக் கண்டெடுத்தான். பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானாம். ஞாயிறு மத்தியானம் வரை உயிர் இருந்ததாம்.

துக்கத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். சாயங்காலம் ஒவ்வொருவராக எழுந்து, வாய் திறக்காமல், தலையைக் குனிந்தபடி போனார்கள். கடைசியாக ஜலஜா சண்முகப்ரியாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, அவளும் சொல்லாமல் போனாள்.

சண்முகப்ரியா கதவைச் சாத்தப் போனாள். படியில் யாரோ கனத்த காலோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஈர இலை வாடை அடித்தது.

"போயிட்டு வந்தர்றேன்," என்றது ஒரு குரல்.

அழுது அழுது மரத்துப்போயிருந்தவள். யோசிக்கவில்லை. வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"சரிங்க, வாங்க."