மிதிச்சேன்... இறங்கல!

உலகத்தில் தவறே செய்யாத பொருள் ஒன்றே ஒன்றுதான்.

மெக்கானிக்கின் வலது கால்!

சொன்னவரும் மெக்கானிக்தான். காலை பத்து மணிக்கு, டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி, துளியும் சிரிக்காமல் சொன்னார்.

"பெடல்ல காலை வெச்சா போதும். வண்டியோட மொத்த வரலாறும் தெரிஞ்சிடும்!"

எதிரே அவர் மனைவி. பட்டறையின் பாதி முதலாளி. எதைக் கழற்றுவதற்கு முன்பும் அதன் மேல் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போடுவாள். எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, அந்தப் பக்கமே திரும்ப மாட்ட.

"எல்.கே.ஜி. பாப்பா படம் வரைய ஆரம்பிச்சிடுச்சு!"

"மறந்துட்டா என்னங்க பண்றது?"

"மறக்கறதுக்கு நான் என்ன உங்க அண்ணனா?"

போன் அலறியது!

பல் டாக்டரின் டிரைவர். சர்வீஸ் முடிந்த காரை அரை மணி முன்புதான் எடுத்துப் போயிருந்தான்.

"அண்ணே... பிரேக் கல்லு மாதிரி இருக்குண்ணே. மிதிச்சா இறங்கவே மாட்டேங்குது..."

"புது பிரேக் பேடுப்பா. நாலு நாள்ல பழகிடும். உன் கால்ல தெம்பு இல்லன்னு சொல்லு!"

"டாக்டர் பின்னாடி இருக்காருண்ணே. திருப்பிக் கொண்டு வந்துடட்டா?"

"என் கால் பார்த்து அனுப்பின வண்டிடா அது... போ!"

போனான்.

டாக்டரின் கிளினிக் சுவர் வரைக்கும்!

* * *

மதியம். நசுங்கிய பம்பரோடு கார் பட்டறைக்குள் இழுத்து வரப்பட்டது. பின்னாலேயே போலீஸ் ஜீப்.

"டாக்டர் ஐ.சி.யு.வுல இருக்காரு. மண்டையில அடி" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்துதான் இந்த டிரைவரை வேலையை விட்டு நிறுத்தப் போறேன்னு சொல்லியிருக்காரு. இன்னிக்கு சுவத்துல விட்டிருக்கான். இவனுக்கு ஒரு கீறல் இல்ல!"

ஜீப்பின் பின்சீட்டில் டிரைவர். பல் பிடுங்குமுன் போடும் ஊசியை உடம்பு முழுக்கப் போட்டது போல் மரத்துப் போயிருந்தான். காலையிலிருந்து இரண்டே வார்த்தைகள்.

"மிதிச்சேன்... இறங்கல."

"இவன் உங்களுக்கு போன் பண்ணான்னு சொல்றவங்க இருக்காங்க. பண்ணானா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"பண்ணான் சார்... வண்டி நல்லாருக்குன்னு சொன்னான்."

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப பிரேக் சரியா இருந்துச்சுன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க. கொலை முயற்சி. உள்ள தள்ளிடறேன்."

பேனா நீண்டது.

"சோதிக்காம எப்படி சார்?" மனைவி குறுக்கே வந்தாள். "அஞ்சு நிமிஷம் குடுங்க."

அதற்குள் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே கேட்டுக்குப் போனார்.

அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். இன்ஜின் ஆஃப். பெடலை ஐந்து முறை மிதித்தாள். இறுகியது. மிதித்த காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் இருமிக்கொண்டே உயிர் பெற்றது.

பெடல்...?

அசையவில்லை!

"நல்ல பிரேக்கா இருந்தா இப்ப கால் கொஞ்சம் உள்ள போகணும்ங்க. இன்ஜின் காத்தை உறிஞ்சணும்... பூஸ்டர் காலுக்கு பலம் குடுக்கணும். குடுக்கல. நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

"மிதிச்சேன். கெட்டியா இருந்துச்சு."

"இன்ஜின் ஓடுச்சா?"

மெக்கானிக் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். "ஓடல."

அவள் பானெட்டைத் திறந்தாள். பூஸ்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பர் குழாய். வெடிப்பில்லை. வெட்டில்லை. குழாயின் நடுவில் கட்டைவிரல் அளவு ஒன்வே வால்வு. காற்று பூஸ்டரிலிருந்து இன்ஜின் பக்கம் மட்டுமே போகும். அவள் அதைக் கழற்றி இன்ஜின் பக்க முனையில் வாய் வைத்து ஊதினாள்.

காற்று தாராளமாகப் போனது.

போயிருக்கக் கூடாது!

"தலைகீழா மாட்டியிருக்கு. முந்தாநாள் நான் இதுல அம்பு போட்டேனே?"

"துடைச்சுட்டேன்."

"ஏன்?"

"சிரிப்பா இருந்துச்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவருடைய தவறே செய்யாத வலது காலில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"திருப்பி மாட்ட ரெண்டு நிமிஷம் ஆகும்" என்றார் மெதுவாக. "அவரு போன்லதான் இருக்காரு. யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்."

வால்வை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவள் நகர்ந்துகொண்டாள்.

வெளியே ஜீப்பிலிருந்து, யாரிடமும் இல்லாமல், அதே குரல்.

"மிதிச்சேன்... இறங்கல."

ஒரு நிமிடம்.

இரண்டாவது நிமிடமும் போனது.

மெக்கானிக் வால்வைக் குழாயில் செருகினார். எப்படி இருந்ததோ அப்படியே... தலைகீழாக! பிறகு மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்தார். குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் அம்புக்குறி வரைந்தார். கோணலாக வந்தது. அழித்துவிட்டு, இன்னொரு முறை வரைந்தார்.

"சார்... இங்க வாங்க. இதைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. அம்பு போட்டிருக்கேன். தலைகீழா மாட்டினது நான்தான். பிரேக் இறங்கலன்னு அவன் போன்ல சொல்லவும் செஞ்சான். அந்தப் பையனை இறக்கி விடுங்க."

இன்ஸ்பெக்டர் வால்வைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார்.

"டாக்டர் கண்ணு முழிச்சிட்டாராம். முழிச்சதும் முதல்ல தன் பல்லை எண்ணிப் பார்த்தாராம். அதனால உங்களுக்குக் கொஞ்சம் சின்ன கேஸா போடறேன். ஏறுங்க."

டிரைவர் இறங்கினான். மெக்கானிக் ஏறப் போனார்.

"ஒரு நிமிஷம் சார்!"

மனைவி ஓடி வந்தாள். கணவரின் சட்டை முதுகில், தலைப் பக்கம் காட்டும்படி, பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டாள்.

"இது எதுக்கும்மா?"

"திருப்பிக் கொண்டு வரும்போது தலைகீழா மாட்டிடாதீங்க சார்!"