மறுகுரல் அட்டை

பல் துலக்கிய கையோடு வாசல் பலகைக்கு முன்னால் போய் நின்று அன்றைய வாக்கியத்தைப் படிப்பது அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் பழக்கம். அன்று வந்தது, ‘சிறுவாணித் தண்ணீர் மாலையில் வரும்’ என்பது. எழினி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இனி அன்று முழுக்க வங்கியும் பேருந்தும் கல்லூரியும் அவள் பேச்சை நம்பும்.

அவள் அம்மா நிவேதிகா எதையும் படிக்கவில்லை. விரலை வைத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தைராய்டு கட்டியை எடுத்ததில் குரல் நரம்பு ஒன்று செயலிழந்துபோயிருந்தது. அதுமுதல் அவள் பேசினால் காய்ந்த ஓலையை இழுத்துக்கொண்டு போவது போலிருக்கும். அரசின் குரற்பதிவகத்தில் அவள் பெயருக்கு எதிரே இருந்தது பழைய குரல். பலகைக்குப் புதியதைத் தெரியாது.

இருவரும் காந்திபுரத்துக்குக் கிளம்பினார்கள். வீட்டுக் கணினியின் ஒலி அட்டை கருகிப்போய்விட்டது. வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான்; உருப்படியான கணினியும் ஒன்றுதான். எழினி தன் கல்லூரி அணியோடு விளையாடுவது அதில்தான். நிவேதிகா பாட்டுப் பாடிப் பதிவு செய்ததும் அதில்தான். அறுவைக்குப் பிறகு அவள் பாடவில்லை.

“ரெண்டு பேருக்கும் ஒரே கார்டா?” என்றார் கடைக்காரர் ரித்விக். “கொஞ்சம் சிரமமுங்க. பாப்பா விளையாட்டுக்கு இது நல்லா இருக்கும். எதிராளி எந்தப் பக்கத்துல இருந்து நடந்து வர்றான்னு காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுரும். ஆனா மைக் பக்கம் சுமார்தான். பாட்டுப் பதியணும்னா இன்னொண்ணு இருக்கு. மூச்சு விடறதுகூட சுத்தமா பதியும். பாடறது தாமதமில்லாம அப்படியே காதுல கேக்கும். ஆனா அதுல திசை தெரியாதுங்க, ரெண்டே ஸ்பீக்கர் கணக்குதான்.”

“பாட்டுக்குன்னு தனியா வேண்டாம்,” என்றாள் நிவேதிகா. “அவ விளையாடறதுக்குப் பாத்துக் குடுங்க.”

ரித்விக் அவளை நிமிர்ந்து பார்த்தார். “பதிவுல இருக்கறது பழைய குரலுங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவள் தலையசைத்தாள்.

கள்ளக்குரல் காலத்தை அவள் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். மகன் குரலில் எவனோ அழைத்து அப்பாவை ஊர் ஊராக அலையவிட்ட காலம். செத்துப்போனவர்கள்கூடத் தொலைபேசியில் வாக்குக் கேட்டார்கள். அதன் பிறகுதான் குரலடையாளச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஒலி அட்டையிலும் ஒரு முத்திரைச் சில்லு. ஒருவருக்கு ஒரு குரல். பதிவகத்தில் இல்லாத குரலை எந்த அட்டையும் பதியாது, ஒலிக்கவும் விடாது. உயிரோடு ஓர் உரிமையாளர் இல்லாத குரலுக்கும் அதே கதி. எதிர்வீட்டு அம்மாள் கணவர் இறந்த மறுவாரம் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். திரையில் கணவரின் வாய் மட்டும் அசைந்தது.

ரித்விக் உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வந்தார். “மறுகுரல் கார்டு. பாட்டு, கேமு ரெண்டுமே ஆகும். நீங்க எப்படிப் பேசினாலும் பதிவுல இருக்கற குரலாவே மாத்திக் குடுத்துரும். நோயாளிகளுக்காகச் சட்டமே அனுமதிச்சதுங்க.”

சோதனை அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் ஒரு தாலாட்டின் முதல் அடியை முனகினாள். காதில் கேட்டது அவளேதான். பழைய அவள். எழினி இன்னொரு ஹெட்செட்டைப் பிடித்தபடி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். “இதையே வாங்கிரலாம்மா.”

வீடு மறுபடி கலகலப்பானது. நிவேதிகா பாடி வெளியிட்டாள். தெரிந்தவர்கள் உனக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்டு மகிழ்ந்தார்கள். எழினி அவளையும் தன் விளையாட்டு அணியில் சேர்த்துக்கொண்டாள். நிவேதிகா தன் பழைய மடிக்கணினியை அந்த அட்டையோடு இணைத்துக் கூடத்தில் உட்காருவாள், மகள் அறையில். எழினி கல்லூரிக் கதை, தோழியோடு சண்டை, ஒரு பையனைப் பற்றிய குழப்பம் என்று எல்லாவற்றையும் ஹெட்செட்டில் சொல்லித் தீர்த்தாள். இவ்வளவு பேசுவாளா இவள் என்று நிவேதிகாவுக்கு வியப்பாக இருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றினால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். சாப்பிடும்போது அவள் ஏதாவது கேட்டால் எழினி தட்டைப் பார்த்தே பதில் சொன்னாள். ஒருநாள் தோசைக் கரண்டியோடு அறை வாசலில் நின்று, “அந்தப் பையன் அப்புறம் என்ன சொன்னான் கண்ணு?” என்று கேட்டாள்.

எழினியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. “ஹெட்செட் போட்டுட்டு வாம்மா. சொல்றேன்.”

நிவேதிகா அடுப்படிக்குத் திரும்பிப் போய்க் கருகிய தோசையைச் சுரண்டி எடுத்தாள். மகள் மேல் கோபம்கூட வரவில்லை. தனக்கும்தான் அந்தக் குரல் பிடித்திருந்தது.

மழை பிடித்திருந்த ஒரு பகலில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கிக்கொண்டது, எழ முடியவில்லை. “எழினீ!” என்று கத்தினாள். யாரும் வரவில்லை. கத்திக் கத்தி இருந்த கொஞ்சக் குரலும் அடைத்துப்போனது. கடைசியில் கை கழுவ வந்த எழினிதான் பார்த்துப் பதறிப்போய்த் தூக்கி உட்கார வைத்தாள்.

“கூப்பிட்டேனே, கேக்கலயா? விளையாடிட்டு இருந்தியா?”

“இல்லம்மா, சும்மாதான் படுத்திருந்தேன். கேட்டுச்சு.” எழினி தரையைப் பார்த்தாள். “யாரோ தெருவுல கத்தறாங்கன்னு நெனச்சேன்.”

சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கால் வீக்கம் வற்றியதும் நிவேதிகா எழினியைக் கூட்டிக்கொண்டு குரற்பதிவகத்துக்குப் போனாள். புதுக்குரலைப் பதிய வேண்டும் என்றாள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி பொறுமையாக விளக்கினார். “ஒருத்தருக்கு ஒரு குரல்தாம்மா. இதைப் பதிஞ்சா பழையதை மறைந்த குரல்னு மூடிருவோம். அப்புறம் அதுல நீங்க பாடினது, பேசினது எதுவும் எங்கயும் கேக்காது. அதனால ரத்த சொந்தம் ஒருத்தர் வாய்விட்டுச் சம்மதம் சொல்லணும்.”

“நான் சொல்ல மாட்டேன்,” என்றாள் எழினி. “என்னைத் தூங்க வெச்ச பாட்டெல்லாம் அதுலதாம்மா இருக்கு. நான் பொறந்தப்ப நீ பேசினது இருக்கு. எல்லாம் போயிரும்.”

“தெரியும் கண்ணு.”

“அப்புறம் எதுக்கு? அந்த கார்டு நல்லாத்தானே இருக்கு?”

“அதுல பேசறது நான் இல்ல. செத்துப்போன ஒருத்தி,” என்றாள் நிவேதிகா. அந்தக் கரகரப்பைக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “உனக்கு அவகூடத்தான் பேசப் பிடிச்சிருக்கு. நான் விழுந்து கெடந்தா யாரோன்னு நெனைக்கற. இன்னும் கொஞ்ச நாள் போனா எனக்கே நான் யாரோ ஆயிருவேன்.”

எழினி மேசையை நெருங்கினாள். பிறகு ஒலிவாங்கியின் முன் குனிந்து “சம்மதம்” என்றாள். பொறி ஏற்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அழுகிற குரல் அவள் பதிவோடு பொருந்தவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “வெளியில போய் உக்காந்துட்டு வாம்மா. மெதுவா வா,” என்றார்.

வேப்பமரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மடியில் கிடந்த அம்மாவின் கையை எழினி தொடவில்லை. தள்ளி உட்காரவும் இல்லை. அழுகை தானாக அடங்கியதும் எழுந்து உள்ளே போனாள். அவள் இரண்டாவது முறை சொன்னது வெளியில் இருந்த நிவேதிகாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பின் வந்த நாட்களில் வீடு கனத்துக் கிடந்தது. எழினி பழைய தாலாட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு திரையில் அசைவில்லாத ஒலிக்கோட்டைப் பார்த்தபடி இருப்பதை நிவேதிகா கண்டாள். தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்தாள். மகளுக்கு இருந்த ஒரு தாயையும் தானே எடுத்துக்கொண்டது போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணினி முன் உட்கார்ந்து ஒலிவாங்கியைத் திறந்தாள். பாடினாள். மேல் சுரம் எட்டவில்லை. இரண்டு இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. பின்னால் எழினி வந்து நின்றதை அவள் நிறுத்திய பிறகுதான் உணர்ந்தாள்.

எழினி ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பதிவானதை ஓடவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், திரையில் ஒலியளவைக் கூட்டினாள், குறைத்தாள். எந்த நிலையில் வைத்தாலும் அவளுக்குத் திருப்தியாகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“தூரத்துல கேக்குதும்மா,” என்றாள். “இன்னும் கொஞ்சம் கிட்ட வா.”