விட்ட இடம்

பாதிரியார் செத்துப்போயிருந்தார். நேற்று மதியம்தான் அவர் கோவேறு கழுதைமேல் ஏறி மலையடிவாரத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பினார். அந்த இடத்தில்தான் எர்சிலியா கதையை நிறுத்திவிட்டுத் தூங்கினாள். இன்று பொத்தானை அழுத்தினால், அவருடைய சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் என்ன ஆயிற்று, மனிதர் எப்படிச் செத்தார், ஒன்றும் தெரியவில்லை.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நடுப்பார்வை மங்கி, நேராகப் பார்ப்பதெல்லாம் கரைந்துபோய், ஓரக்கண்ணில் மட்டும் உலகம் மிச்சமிருக்கிற நிலையில், கதை கேட்கவாவது ஒரு கருவி வேண்டும் என்று டொனாட்டோவின் கடையில் பாதிக் காலையைச் செலவழித்து வாங்கியது அது.

"இதைப் பாருங்கக்கா. வழவழன்னு கண்ணாடி மாதிரி. லேசா தொட்டாலே பாடும்."

"எனக்குப் பாட்டு எதுக்குடா? கதை கேக்கணும். எங்க தொடணும்னு கண்ணு தெரியணுமே!"

"அப்ப இது. இருக்கறதுலயே விலை கம்மி. ஆனா நிறுத்தினா, திரும்ப முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கும்."

"என் மாமியார் மாதிரி. வேண்டாம்."

சிரித்துக்கொண்டே அவன் இன்னொன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான். மேடான பொத்தான்கள், கட்டைவிரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டன. விலையும் கட்டுப்படியானது. "இது விட்ட இடத்தை ஞாபகம் வச்சுக்கும். நீங்க மறந்தாலும் அது மறக்காது."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. கோடை தொடங்கியபோது வாசற்கதவின் வெளிப்பக்கமே சாவியை விட்டுவிட்டு அவள் தூங்கிப்போக, எதிர்வீட்டுக்காரி டுரினில் இருக்கும் மகள் ரோசால்பாவுக்குப் போன் போட்டு வத்தி வைத்துவிட்டாள். "இன்னொரு தடவை எதையாவது மறந்தேன்னு காதுல விழுந்துச்சு, வீட்டைப் பூட்டிட்டு உன்னை இங்க கூட்டிட்டு வந்துடுவேன்மா. இங்க முதியோர் இல்லத்துல நல்லா பாத்துக்குவாங்க." மகள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் எர்சிலியாவைப் பயமுறுத்தியது.

அதனால் பாதிரியார் விஷயத்தை அவள் டொனாட்டோவிடம் மட்டும் சொன்னாள்.

"தூங்கியிருப்பீங்கக்கா. அது பாட்டுக்கு ஓடியிருக்கும்."

"நான் நிறுத்தினேன்டா."

"நிறுத்தினதா நினைச்சிருப்பீங்க." பக்கவாட்டில் இருந்த சின்னப் பூட்டைத் தள்ளிக் காட்டினான். "இதைப் போட்டுட்டா எந்தப் பொத்தானும் வேலை செய்யாது."

பூட்டைப் போட்டாள். கதை மறுபடி முன்னால் போயிருந்தது. அதற்கடுத்த மதியமும்.

நான்தான் அழுத்துகிறேனா? அழுத்திவிட்டு மறக்கிறேனா? இந்தக் கேள்வி அவளைச் சாப்பிட விடவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. கண்தான் போயிற்று, விரல்கள் போகவில்லை. பழைய தலையணை உறைத் துணியில் கருவியை வைத்து, வயர் மட்டும் வெளியே வரும்படி நாலு பக்கமும் நெருக்கித் தைத்து, தனக்கு மட்டுமே கைவந்த முடிச்சைப் போட்டாள். பாதிரியாரின் தங்கை கிணற்றடியில் துணி துவைக்கிற இடத்தில் கதை நின்றிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிந்திய அந்த வேளையில் அவளுடைய ஊரான கிராவினாவில் நாய்கூடத் தெருவில் நடக்காது. அது மனிதர்களுக்கான நேரமில்லை என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்ப்பார்கள். மரச் சன்னல்களை அடைத்ததும் வெயில் கீற்றுக் கீற்றாய்த் தரையில் விழுந்தது, தக்காளிக் குழம்பின் புளித்த வாசனை சமையலறையிலிருந்து மெல்ல வந்து அறையில் தங்கியது, எங்கோ ஓர் ஈ கண்ணாடியில் முட்டி முட்டி ஓய்ந்தது. ஒரு காதில் மட்டும் ஒலிக்குமிழை மாட்டிக்கொண்டு, போன் அடித்தால் கேட்கட்டும் என்று மறுகாதுக்கான குமிழை மெத்தைமேல் போட்டுவிட்டு, துணிப்பொதியை நெஞ்சோடு அணைத்தபடி அவள் படுத்தாள். தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள். வந்தது.

விழித்தபோது கீற்றுகள் சுவருக்கு ஏறியிருந்தன. பொதி அவள் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு தையலாக விரலால் தடவினாள். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவள் போட்ட முடிச்சு. தையலைக் கத்தரித்து, பூட்டை நீக்கி, பொத்தானை அழுத்தினாள்.

தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஊரே கூடி அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தது.

"நான் இல்லை!" வாய்விட்டே சொன்னாள். கண்ணீர் வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். அவள் மறக்கவில்லை. அவள் புத்தி பத்திரமாக இருக்கிறது. டுரினுக்குப் போக வேண்டாம். இந்த வீட்டிலேயே, இந்தக் கட்டிலிலேயே, சாகும்வரை.

கதையை நிறுத்தினாள்.

அறை ரொம்ப அமைதியாக இருந்தது.

நான் இல்லை என்றால்?

காதில் வயர் லேசாக இழுபட்டது.

எங்கேயோ சிக்கியிருக்கும் என்று கையால் தடவிப் பார்த்தாள். காதிலிருந்து கழுத்து வரை. கழுத்திலிருந்து, வயர் இரண்டாகப் பிரிகிற இடம் வரை. அங்கிருந்து இரண்டாவது வயர் மெத்தைமேல் தொய்ந்து கிடக்கவில்லை. விறைப்பாக இருந்தது. மேலேறி, கட்டிலின் மறுபக்கம் போயிற்று.

விட்டோவா? செத்துப்போன அவள் கணவனுக்குக் கதை என்றாலே ஆகாது. யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவான்.

அவன் இல்லை.

திரும்பி நேராகப் பார்த்தாள். மங்கல். வெறும் சாம்பல் மங்கல். முகத்தை மெல்ல விட்டத்துக்குத் திருப்பினாள். அப்போதுதான் ஓரக்கண்ணில் தெரிந்தது. பக்கத்துத் தலையணையின் நடுவே பள்ளம். ஒரு தலை அளவுக்கு. பள்ளத்துக்கு மேலே, அந்தரத்தில், அந்த இன்னொரு குமிழ்.

அது அசைந்தது. அவள் பக்கம் திரும்பியது.

அவள் கட்டைவிரல் பொத்தான்மேல் மரத்துப்போய் இருந்தது.

வயர் மறுபடி இழுபட்டது. இந்தத் தடவை, கொஞ்சம் பொறுமையில்லாமல்.