தாளமில்லாத கோப்பு

கயத்தாறு விலக்கில் இருந்த வடிவமாற்றுக் கடை நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நெடுஞ்சாலையில் ஏறப்போகும் வண்டிகள் அதற்கு முன்பே வரிசைகட்டி நிற்கும். பழைய எம்.பி.3 கோப்புகளைக் கைப்பேசியிலும் பென்டிரைவிலும் கொண்டுவந்து, கார் ஸ்டீரியோ ஏற்கும் சாலைவடிவமாக மாற்றிக்கொண்டு போவார்கள். மங்கையர்க்கரசி பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் கடையில் அதைத்தான் செய்துவந்தாள்.

அன்று அவள் கதவைத் திறந்தபோது தலை ஈரமாக இருந்தது. நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. முதலில் வந்து நின்ற உப்பு வண்டிக்காரர், மூன்று சினிமாப் பாட்டுகளை மாற்றித் தரும்படி கைப்பேசியை நீட்டினார். கடை இன்றைக்கு இல்லை என்றாள் அவள். திறந்திருக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் துக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.

முந்தின நாள் மாலை விளக்கேற்றும் வேளையில் அவளுடைய கணவர் அம்பலவாணன் சிவனடி சேர்ந்திருந்தார். உடல் வீட்டில் கிடக்க, மனைவி கடைக்குப் போனது தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. புறப்படும்போதே பெண்கள் கையைப் பிடித்து உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு ஊர்தி புறப்படும். அதற்குள் பதினோரு நிமிட ஒலிக்கோப்பு ஒன்றை அவள் மாற்றியாக வேண்டும்.

அம்பலவாணன் இருபத்தேழு ஆண்டுகள் அமரர் ஊர்தி ஓட்டியவர். மற்ற வண்டிகள் தாமே ஓடும். அமரர் ஊர்தியை மட்டும் மனிதக் கைதான் ஓட்ட வேண்டும் என்பது மக்கள் விடாமல் வைத்துக்கொண்ட வழக்கம். அவர் ஓட்டியபடியே பாடுவார். பழைய பதிகத்திலிருந்து இரண்டு பாட்டு, விருத்தமாக, தாளக்கட்டு ஏதுமின்றி, சொல்லுக்குச் சொல் நின்று நின்று பாடுவார். பெற்ற பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேராத உடல்களையும் அவர் அப்படித்தான் ஆற்றங்கரைக்குக் கொண்டுசேர்த்தார். ஊராரையெல்லாம் பாடி அனுப்பியவரை ஊமையாக அனுப்புவதில்லை என்று மங்கையர்க்கரசி தீர்மானித்திருந்தாள்.

ஊர்தியை இன்று ஓட்டவேண்டிய சவரிமுத்துவிடம் அவள் முதலில் பாடத்தான் சொல்லிப் பார்த்தாள். பன்னிரண்டு ஆண்டுகள் அம்பலவாணனுக்கு மாற்று ஓட்டுநராக இருந்தவர் அவர்.

"நான் பாடுனா அண்ணாச்சியே எந்திரிச்சு, வாய மூடுலன்னு சொல்லிருவாரு மதினி," என்றார் சவரிமுத்து. சொல்லிவிட்டு ஊர்தியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

எனவே கோப்புதான் வழி. போன ஆண்டு, அம்பலவாணனுக்கு நுரையீரல் நோய் முற்றியிருந்த காலத்தில், இதே கடையில் வைத்து அவர் பாட அவள் பதிவு செய்தது. ஆனால் ஸ்டீரியோ அதை ஏற்காது. சக்கர விதி தடுக்கும்.

அந்த விதி வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வண்டிகள் தாமே ஓடத் தொடங்கியபின், உள்ளே இருந்தவர்கள் சாலையை மறந்தார்கள். வேகம் கூடியதும் குறைந்ததும் அறியாமலே பலர் மாண்டார்கள். கண் ஓய்ந்தாலும் காது விழித்திருக்கட்டும் என்று அரசு ஒரு கட்டளை இட்டது. வண்டிக்குள் ஒலிக்கும் எந்தப் பாட்டும் சக்கரத்தோடு பிணைந்திருக்க வேண்டும். இத்தனை மீட்டருக்கு ஒரு தட்டு என்று கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். வண்டி விரைந்தால் பாட்டு விரையும். வண்டி தளர்ந்தால் பாட்டும் தளரும். வண்டி நின்றால் பாட்டு நிற்கும். வேறு ஒலிக்கு இடமில்லை. வண்டிக்குள் கைப்பேசியை வைத்தால் அதுவும் வாயடைத்துப்போகும்.

தாளமே இல்லாத விருத்தத்தை எந்தச் சக்கரத்தோடு பிணைப்பது? மங்கையர்க்கரசி கோப்பைச் செலுத்தியதும் வடிவமாற்றி சிவப்பு எழுத்தில் மறுத்தது: தாளம் இல்லை.

அந்தத் தொழில்காரர்கள் எல்லாரும் செய்யும் தவற்றைத்தான் அவளும் முதலில் செய்தாள். அடியில் ஓர் ஆதிதாளத்தை விரித்து, குரலை அதன்மேல் வெட்டி வெட்டிப் பொருத்தினாள். வடிவமாற்றி உடனே ஏற்றுக்கொண்டது. வாசலில் நின்ற ஊர்தியில் அதைப் போட்டு, இருவரும் சற்றுத் தொலைவு ஓட்டிப் பார்த்தார்கள்.

"இது என்ன மதினி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரில்லா இருக்கு," என்றார் சவரிமுத்து. அவள் அதை அழித்தாள்.

பத்து மணிக்குக் கணவரின் தமையன் நமச்சிவாயம் கடைக்கே வந்துவிட்டார். அவர் கோபக்காரர் அல்லர். தம்பியின் தலைமாட்டில் இரவெல்லாம் இருந்து களைத்தவர். பொழுது சாய்வதற்குள் காரியம் முடிய வேண்டும் என்றும், வந்தவர்கள் அவள் எங்கே என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு நின்று கோப்பைக் கேட்டார். குரலின் நடுநடுவே எழுந்த மூச்சிரைப்பைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"இந்த இளைப்ப மட்டுமாவது வெட்டிரேன் மங்கை. கேக்கச் சகிக்கல."

"மூச்ச வெட்டிட்டா அவுக எங்க இருக்காக அத்தான்?"

 நமச்சிவாயம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மணிக்குமேல் தம்மால் ஒருவரையும் நிறுத்திவைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அவள் புதிதாகத் தொடங்கினாள். இம்முறை தாளத்தைக் கொண்டுவந்து குரலின்மேல் வைக்கவில்லை. குரல் எங்கே தானாகப் போய் அமர்கிறதோ, அங்கே ஒரு தட்டைக் கையால் குறித்தாள். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சிலபோது இரண்டு நொடி, சிலபோது ஐந்து. இரண்டாம் பாட்டின் ஈற்றடியில், கடைசிச் சொல்லுக்கு முன், அவர் மூச்சுக்குத் தவித்த இடத்தில் ஒன்பது நொடி. அங்கே அவள் கை விசைமேல் நின்றுவிட்டது. பின் அந்த ஒன்பதையும் ஒன்பதாகவே விட்டாள். நண்பகல் கடந்தபோது இருநூற்றுப் பதினான்கு தட்டுகள் விழுந்திருந்தன. தட்டுக்கு முப்பது மீட்டர் என்று எழுதினாள். விதி அதற்குமேல் இடம் தராது. வடிவமாற்றி ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஓட்டிப் பார்த்தபோது சவரிமுத்து உதட்டைப் பிதுக்கினார். வண்டி ஒரே சீராக ஓடியதால் தட்டுகளும் ஒரே சீராக விழுந்தன. நீண்ட இழுப்பு குறுகியது. குறுகிய சொல் இழுபட்டது. அது யாரோ ஒருவரின் குரலாக இருந்தது.

"சக்கரம் போறபடிதான பாட்டு போகும் மதினி. நாம என்ன செய்ய?"

மங்கையர்க்கரசி முன்கண்ணாடிக்கு அப்பால் சாலையைப் பார்த்தாள்.

"அப்பம் பாட்டு போறபடி சக்கரத்த ஓட்டு தம்பி."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சாலையில் ஒரு வண்டியின் வேகத்தைப் பின்வரும் வண்டியெல்லாம் பற்றிக்கொண்டு ஒரே நிரையாக ஓடும். அமரர் ஊர்தியை முந்துவதற்கு எந்த வண்டிக்கும் உரிமை இல்லை. முன்னே போகிற ஊர்தி இழுத்தும் விட்டும் ஓடினால் பின்னால் வருவது அத்தனையும் அப்படியே ஓட வேண்டியிருக்கும். அதையெல்லாம் சவரிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பாட்டு ஓடும் தொலைவு ஆறரைக் கிலோமீட்டர்கூட இல்லை என்றும், பதினோரு நிமிடம்தான் என்றும், இருபத்தேழு வருடம் அவர் பிறருக்காக ஓட்டினார் என்றும் மட்டும் சொன்னாள்.

"எங்க இழுக்கணும், எங்க விடணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

இரண்டு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து ஊர்தி புறப்பட்டது. மங்கையர்க்கரசி ஓட்டுநருக்கு அருகே ஏறி அமர்ந்தாள். பெண்கள் ஆற்றங்கரைக்கு வரும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. யாரோ அதைச் சொல்ல வாயெடுத்தார்கள். நமச்சிவாயம் கையமர்த்தினார்.

தாழையூத்தைக் கடந்ததும், ஆற்றுக்குப் பதினோரு நிமிடத் தொலைவில், அவள் கோப்பைத் தொடங்கினாள். வலக்கையை முன்பலகைமேல் வைத்துக்கொண்டாள். கை உயர்ந்தால் வேகம் தணிய வேண்டும். கை இறங்கினால் வண்டியை விரைய விட வேண்டும். சவரிமுத்துவுக்கு ஒரு கண் சாலையில், ஒரு கண் அந்தக் கையில். முதலிரண்டு அடிகள் தடுமாறின. இறைவன் பெயர் ஒருமுறை நசுங்கியும் ஒருமுறை நெளிந்தும் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நிதானமாக ஏற்றினாள். மூன்றாம் அடியில் குரல் தன் இயல்பில் அமர்ந்தது. இரைப்போடும் கனிவோடும் அம்பலவாணன் தம்முடைய ஊர்தியில் பாடினார்.

பின்னால் நிரை நீண்டுகொண்டே வந்தது. சாளரத்தை இறக்கிய மங்கையர்க்கரசிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது. பின்வந்த ஒவ்வொரு வண்டியிலும் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊர்தி தணிந்தபோது அவையெல்லாம் தணிந்தன. ஊர்தி விட்டபோது அவையெல்லாம் ஓடின. சினிமாப் பாட்டும், மாதா பாட்டும், யாரோ ஒரு குழந்தை கேட்ட எண்ணுப்பாட்டும் தத்தம் தாளத்தை இழந்து, நின்று நின்று, சொல்லுக்குச் சொல் உருகின. ஒரு தலைமுறையாகத் தாளம் தவறாத அந்தச் சாலை, ஒரு மனிதர் இழுத்த இழுப்புக்கெல்லாம் விருத்தம் பாடியது. பெரும் பேருந்து ஒன்றில் இருந்தவர்கள் சாளரங்களைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை.

"எத்தன வண்டி மதினி?" என்று சவரிமுத்து கண்ணைத் திருப்பாமல் கேட்டார்.

"ரோட்டப் பாரு தம்பி."

ஆற்றுப் பாலம் கண்ணில் பட்டது. இரண்டாம் பாட்டின் ஈற்றடி வந்தது. அவள் கை உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது. ஊர்தி வேகமெல்லாம் தளர்ந்து, ஊர்ந்தது. பின்னால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை அத்தனை வண்டிகளும் ஊர்ந்தன. அவற்றின் பாட்டுகளெல்லாம் ஒரு நூலிழை ஒலியாக மெலிந்தன. அந்த அமைதியின் நடுவில் அம்பலவாணனின் மூச்சு மட்டும் தேடித் தேடி ஏறிக்கொண்டிருந்தது.

மங்கையர்க்கரசி கையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். அவசரம் இல்லை. சாலை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். அவள் கையை இறக்கினாள்.