காலிக் குளத்தின் ஒரு நிமிடம்

வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். தங்கச்சி கேட்டால்தானே.

"மூடிக் கிடக்கிற நீச்சல் குளத்துல போய் யாராவது பாடுவாங்களா?"

"எதிரொலி பிரமாதமா இருக்குமாம்டா குண்டா," என்று சிரித்தாள்.

அவள் என்னை ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து டேய் குண்டாதான். அம்மா அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஊஹூம்.

மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். துருப்பிடித்த கதவைத் தள்ளியதும் குளோரின் வாடை மூக்கில் ஏறியது. தண்ணீரை வடித்துப் பத்து வருஷம் ஆகியும் அந்த வாடை போகவில்லை. விரிசல் விட்ட நீல ஓடுகள். பாதியிலேயே நின்றுபோன இரும்பு ஏணி. சுவரில் 'ஆழம் பன்னிரண்டு அடி' என்று மங்கிய எழுத்து. கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் குளத்தின் அடிவரைக்கும் போகவில்லை.

பாட்டுக்கு இசையமைக்கும் பெண்மணி முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் குத்துவார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் ஊசி. அடுத்த மாதம் ஒரு நடனத்துக்கு அவர் செய்யும் பாட்டு இது. சொல் கிடையாது, மெட்டு கிடையாது. எல்லாரும் மூச்சை வெளியே விட்டுப் பாடுவார்கள். இதில் தங்கச்சி மூச்சை உள்ளே இழுத்தபடியே குரல் கொடுக்க வேண்டும்.

ஒலிப்பதிவு என் தொழில். அதில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாயைத் திறக்கும் முன்பு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, காலி இடத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொந்த இரைச்சல் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினால், பாட்டிலிருந்து அந்த இரைச்சலை மட்டும் துடைத்துக் கொடுத்துவிடும்.

"அதெல்லாம் அப்புறம்," என்றார் ஊசி.

"முதல்ல எடுத்தாதாங்க சரி."

"காலிக் குளத்துல என்னய்யா சத்தம் இருக்கப்போவுது? பொத்தானை அமுக்கத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன். அமுக்குங்க."

எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிட்டேன். அந்த வீம்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சி ஆழமான பக்கத்தில் இறங்கி நின்றாள். முதல் இழுப்பு, கதவு திறக்கும் கிரீச்சிடல் போல இருந்தது. இரண்டாவது, விம்மல்.

மூன்றாவது நிற்கவில்லை.

இருபது வினாடி. நாற்பது. மனிதர் நெஞ்சில் அவ்வளவு காற்றுக்கு இடம் கிடையாது.

அவள் கண்கள் மேலே நின்ற என்னைத் தேடின. கை தலைக்கு மேலே எழும்பி எதையோ பிடிக்கப் பார்த்தது. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

நான் ஓடினேன். ஊசி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பதிவைக் கெடுத்தீங்க, தொலைச்சுடுவேன். இதுதான் எனக்கு வேணும்."

சத்தம் நின்றது. தங்கச்சி முழங்காலில் சரிந்தாள். பிறகு தானே எழுந்து ஏறி வந்து, என் தண்ணீர் பாட்டிலை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். களைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன். இரண்டு பேரையும் காருக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காலி நிமிடத்தை அப்போதுதான் எடுத்தேன்.

காரில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிப் பாட்டைத் துடைத்துப் பார்த்தேன்.

தங்கச்சியின் குரல் மொத்தமாக அழிந்துபோயிருந்தது. அவள் குரலைத்தான் குளத்தின் இரைச்சல் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருந்தது ஒரு இருமல். யாரோ தண்ணீரை விழுங்கி விழுங்கி இருமுகிறார்கள்.

நான் எடுத்த இரைச்சலில் அவள் குரல் இருந்தால்தான் அப்படி ஆகும். காலி நிமிடத்தை ஓட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, ரொம்ப தூரத்திலிருந்து:

"டேய் குண்டா, நான் இங்கதாண்டா இருக்கேன். யாரைக் கூட்டிட்டுப் போற?"

பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன ஆச்சு, அண்ணா?" என்றாள் அவள்.

திரும்ப ஓடிப்போய் ஆழமில்லாத பக்கமாகக் குளத்தில் குதித்தேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. மறுபடி பதிவு செய்தேன். வெறும் இரைச்சல்.

மறுநாள் ஊசிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நேத்துவரைக்கும் எதிர்த்துப் பேசினவ, இன்னிக்குச் சொன்னதைச் செய்யறா. எனக்கென்ன குறை?" என்று போனை வைத்துவிட்டார். அம்மாவுக்கோ வாயெல்லாம் பல். இப்பவாவது அண்ணன் என்ற மரியாதை வந்ததே என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பெற்ற மனசிடம் நான் என்னத்தைச் சொல்ல?

தினமும் அந்த நிமிடத்தைப் போட்டுக் கேட்கிறேன். என் தங்கச்சி என்னைத் திட்டுவது இனி அங்கே மட்டும்தான். பன்னிரண்டு நாளாக ஒரே வரி, மாறவில்லை.

இன்று காலை மாறியிருந்தது.

"டேய் குண்டா, தண்ணி வருதுடா. முட்டிவரைக்கும் வந்துடுச்சு."

ஹெட்போனைக் கழற்றினேன். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. அது எங்கள் குளியலறையிலிருந்து வந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "குழாயை மூடு. தயவுசெஞ்சு மூடிடு."

உள்ளே தொட்டி நிரம்பும் சத்தம். அதற்கு நடுவில் தங்கச்சியின் குரல், ரொம்ப மரியாதையாக வந்தது.

"கொஞ்சம் இருங்க அண்ணா. இன்னும் தலை முழுகலை."