எலும்புத் தூள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பல் துலக்கினான். ஒரு ஆளுக்கு அரிசி களைந்து ஊறவைத்து, பாலை அடுப்பில் ஏற்றினான். ஏழேகாலுக்கு சிப்காட் கம்பெனி பஸ். மனைவி சந்திரகலா இறந்த இந்த எட்டு மாதத்தில் தேசப்பன் இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை.

பால் பாத்திரத்தின் சத்தம் கேட்டால் ஓடிவரும் நாய் ஜிம்மி, அன்று வரவில்லை.

பின்கதவைத் திறந்தான். உருக்காலைகளின் இரும்புப் புகைக்கு அடியில், அழுகிய பூண்டு போல இன்னொரு நாற்றம். அவள் வைத்த ரோஜாத் தொட்டியில் மண் கிளறிக் கிடந்தது. நேற்று மாலை எலும்புத் தூளோடு பூச்சிக்கான குருணை மருந்தைக் கலந்து அதில் போட்டவன் அவன்தான். அவள் போட்டால் மண் தள்ளி, மேலே ஓடு வைத்து மூடுவாள். அவன் மூடவில்லை. எலும்பு வாசனைக்கு நாய் வந்திருக்கிறது.

துவைக்கும் கல்லருகே ஜிம்மி கிடந்தது. வாயில் நுரை. தொடைகள் உதறின. கண்ணின் பாவை கடுகளவு. அவள் தூக்கி வளர்த்த நாய். அந்த வீட்டில் அவனைத் தவிர மூச்சு விடுவது அது ஒன்றுதான்.

கால்நடை மருத்துவர் ஆசீர்வாதத்தைச் செல்போனில் பிடித்து, நாய் பூச்சி மருந்தைத் தின்று உதறுவதைச் சொன்னான்.

“உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்கட்டுமா டாக்டர்?”

“வேணவே வேணாம்! உதறிக்கினு இருக்கும்போது வாயில எதுவும் ஊத்தாதீங்க, நொரையீரலுக்குப் போயிடும். கையில கவர் மாட்டிக்கினு மூஞ்சியக் கழுவுங்க. தலைய ஒருக்களிச்சு வச்சு உடனே தூக்கினு வாங்க. இன்னா மருந்து அது?”

“தெரியல டாக்டர். ஊறுகா பாட்டில்ல கொட்டி வச்சிருக்குது. பேரு இல்ல.”

“அதான் பக்கத்துல சொல்றாங்களே, போரேட்டுன்னு. சரி, ஊசி இருக்குது.”

திரும்பிப் பார்த்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வேறு யாருமில்லை. லைனில் வேறு யாரோ குறுக்கே வந்திருக்க வேண்டும்.

நாயின் முகத்தைக் கழுவி, போர்வையில் சுற்றி, மடியில் கிடத்திக்கொண்டான்.

“எப்போ தின்னுச்சு?”

“பாக்கல டாக்டர்.”

மறுமுனையில் எரிச்சல்.

“அரை மணி நேரம் ஆச்சுன்றாங்க. பாத்துக்கினேவா இருந்தாங்க? இன்னா மனுசங்க சார் நீங்க! வாயில்லா ஜீவன், தடுக்க வேணாம்?”

“ஊட்ல நான் மட்டும்தான் டாக்டர்.”

“காலங்காத்தால வெளையாடாதீங்க. சிரிக்கிறாங்க, கேக்குதே.”

பால் தீய்ந்த நாற்றம். கரண்ட் போனது. மோட்டார் நின்றது. மடியில் உதறல் குறைந்தது. தேறிவிட்டது. காதைத் தடவினான். வெதுவெதுப்பு இருந்தது.

மூச்சு இல்லை.

வீட்டுக்குள், மொசைக் தரையில், நகங்கள். டக். டக். டக். ஜிம்மியின் நடை. படுக்கையறை வரை. நின்றது. கட்டில் காலில் வால் அடிக்கும் சத்தம்.

மடியில் நாய் கனத்தது.

“டாக்டர்... அவங்க இப்ப இன்னா சொல்றாங்க?”

“உங்களுக்குக் கேக்கல? ‘அது வந்துடுச்சிங்க. நீங்களும் கதவச் சாத்திக்கினு உள்ள வாங்க’ன்றாங்க.”